தென் தீவில் கேம்பர்வேன், கணவன் மனைவி இருவர் மட்டும்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பொருநைக்கரை
வணக்கம். மார்ச் கடைசியில் நானும் மனைவியும் நியூசிலாந்து போகிறோம். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. ஊரில் இருவருமே கார் ஓட்டுவோம், வேன் ஓட்டியதில்லை. இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: ஆக்லாந்தில் கேம்பர்வேன் (படுக்கை, அடுப்பு உள்ள வாடகை வேன்) எடுத்து, வெல்லிங்டன், கப்பலில் பிக்டன், கிறைஸ்ட்சர்ச், டெகாப்போ, குயின்ஸ்டவுன், மில்ஃபோர்ட் சவுண்ட். குயின்ஸ்டவுனிலேயே வண்டியை விட்டுவிடுவது. மொத்தம் 12 இரவு. போய் வந்தவர்களும் அங்கேயே இருப்பவர்களும் இப்போது திரும்பிப் பார்த்தால் எதை முதலில் சொல்வீர்கள்? ஊர் அழகைப் பற்றி நிறையப் படித்துவிட்டோம். வண்டிக்குள் இருவர் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்றுதான் எங்கும் விவரமாக இல்லை.

தெற்குக்காற்று
முதலில் வட தீவைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள். ஆக்லாந்திலிருந்து வெல்லிங்டன் 640 கி.மீ. அளவில் வரும், வேனில் முழுசாக ஒரு நாளுக்கு மேல். கப்பல் மூன்றரை மணி நேரம். ஒரு மணி நேரம் முன்னதாக வரிசையில் நிற்க வேண்டும். பிக்டனிலிருந்து கிறைஸ்ட்சர்ச் இன்னும் 340 கி.மீ. இருக்கிற 12 இரவில் மூன்று நான்கு இப்படியே சாலையில் போய்விடும். போய் வந்த பலரும் ஒரே குரலில் சொல்வது இதைத்தான்: தூரத்தைக் குறைத்திருக்கலாம்.

கிறைஸ்ட்சர்ச்சில் வண்டி எடுத்து அங்கேயே திருப்பி விடுங்கள். ஒருவழிக் கட்டணமும் மிச்சம். சுற்று இப்படிப் போகலாம்: டெகாப்போ 226 கி.மீ., அங்கிருந்து அவோராகி மவுண்ட் குக் 105, வனாக்கா 210, குரோம்வெல் வழியாகக் குயின்ஸ்டவுன் 115, டி அனாவ் 171, மில்ஃபோர்ட் போய்வர 240, திரும்ப வனாக்கா 230, ஹாஸ்ட் 140, ஃபாக்ஸ் பனியாறு 120, ஃபிரான்ஸ் ஜோசஃப் 24, ஹோகிடிகா 135, ஆர்தர்ஸ் பாஸ் 100, கிறைஸ்ட்சர்ச் 150. கூட்டினால் 2000 கி.மீ.யை ஒட்டி வரும். 12 இரவுக்கு இதுவே நிறைவு. டெகாப்போ அல்லது மவுண்ட் குக்கில் இரண்டு இரவு, டி அனாவ் பக்கம் இரண்டு இரவு, வனாக்காவில் இரண்டு இரவு என்று ஒரே இடத்தில் அடுத்தடுத்துத் தங்குங்கள். தினமும் இடம் மாறினால் தினமும் மேசையைக் கலைத்துப் படுக்கை போடு, காலையில் படுக்கையை மடி, தண்ணீர் பிடி, வயரைச் சுருட்டு என்று வேலைக்கே நேரம் போய்விடும்.

வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். சாலையில் 100 என்று பலகை இருந்தாலும் வளைவு, ஒற்றைத்தடப் பாலம், ஏற்றம் எல்லாம் சேர்ந்து சராசரி 65 முதல் 70தான் வரும். செயலி மூன்று மணி நேரம் என்றால் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 3500 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்குச் சட்டப்படியே உச்ச வேகம் 90.

மார்ச் கடைசியில் ஏழரை மணி வாக்கில்தான் சூரியன் மறையும். ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து ஆறேகாலுக்கே இருட்டத் தொடங்கும். இன்னொன்று, சில ஆண்டுகளில் ஈஸ்டர் அந்த வாரங்களில் வரும். புனித வெள்ளியும் ஈஸ்டர் ஞாயிறும் சூப்பர் மார்க்கெட் உட்படப் பெரும்பாலான கடைகள் சட்டப்படி மூடியிருக்கும். காய்கறியை வியாழனே வாங்கிவிடுங்கள், முகாம் இடத்தையும் முன்பே பிடித்துவிடுங்கள்.

ஒக்லாந்து_வாசி
வட தீவை விடச் சொன்னது எனக்குக் கவலைதான், ஆனால் 12 இரவுக்கு அதுதான் சரி. நான் வாகனத்தைப் பற்றிச் சொல்லுறன்.

இரண்டு பேருக்கு மூன்று வகை கிடைக்கும். ஹையேஸ் அளவிலை சின்ன வான். பின்னால் படுக்கை, சின்ன அடுப்பு, கழிவறை இல்லை. அடுத்தது ஸ்பிரிண்டர், கிராஃப்டர், டிரான்சிட் போன்ற உயரமான வான். உள்ளே கழிவறையும் சவரும் இருக்கும், நிமிர்ந்து நிற்கலாம். மூன்றாவது நாலு பேர், ஆறு பேர் படுக்கிற பெரிய வீடு மாதிரி வாகனம். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலை உள்ளதுதான் பொருத்தம்.

காரணம் சட்டம். 2023 யூனிலை நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, "செல்ஃப் கன்டெய்ன்ட்" (தண்ணீர், கழிவறை, கழிவுத்தொட்டி எல்லாம் தன்னுள்ளேயே உள்ள வாகனம்) என்ற பச்சைச் சான்று வேணுமெண்டால் வாகனத்துக்குள்ளை நிலையாகப் பூட்டின கழிவறை இருக்கவேணும். முந்தி சீட்டுக்குக் கீழை வைச்சிருந்த கையிலை தூக்கிற கழிவறைப் பெட்டி இப்ப கணக்கில்லை. படுக்கை விரிச்சிருந்தாலும் கழிவறையைப் பாவிக்கக்கூடியதாக இருக்கவேணும். தண்ணீரும் கழிவுநீர்த் தொட்டியும் ஒரு ஆளுக்கு மூன்று நாளைக்குக் காணவேணும்; நாளைக்கு 4 லீற்றர் என்ற கணக்கிலை ஆளுக்கு 12 லீற்றர். முன்கண்ணாடியிலை பச்சை அட்டை இருக்குதா எண்டு வாகனத்தை எடுக்கும்போதே பாருங்கோ. அந்த அட்டை இல்லாமல் இலவச இடத்திலை இரவு நிண்டால் அபராதம். மீறலின் வகையைப் பொறுத்து 800 டொலர் வரைக்கும் போகும்.

சான்று இருந்தாலும் எல்லா இடத்திலையும் நிக்கலாம் எண்டு நினைக்கவேண்டாம். ஒவ்வொரு கவுன்சிலுக்கும் தனி விதி. குயின்ஸ்டவுன், வனாக்கா பக்கம் கூடுதல் கண்டிப்பு. அன்றன்றைக்குக் கேம்பர்மேட் செயலியிலை பார்த்திட்டு, அந்த இடத்திலை நிற்கிற பலகையையும் வாசியுங்கோ. பலகை சொல்லுறதுதான் முடிவு.

வண்டிச்சத்தம்
படுக்கை அமைப்பை யாரும் இன்னும் சொல்லவில்லையே. ஒரே அளவு வேனிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பின்பக்கம் இரண்டு நீள இருக்கைகள், நடுவில் மேசை. இரவில் மேசைப் பலகையை இறக்கி நடுவில் போட்டு மெத்தைத் துண்டுகளை அடுக்கினால் படுக்கை. இன்னொன்று, படுக்கை எப்போதும் போட்டபடியே இருக்கும், உட்காரும் இடம் சிறிது. முதல் வகை படத்தில் விசாலமாகத் தெரியும். மழைநாளில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் படுக்க வேண்டுமென்றால் மற்றவருக்கு உட்கார இடமிருக்காது. ஒருவர் ஐந்து மணிக்கு எழுந்து காபி போடுகிறவர், மற்றவர் ஏழு வரை தூங்குகிறவர் என்றாலும் அதே பாடு. நிரந்தரப் படுக்கையாகப் பாருங்கள். படுக்கையின் நீளத்தைச் சென்டிமீட்டரில் கேட்டு வாங்குங்கள். குறுக்காகப் போட்ட படுக்கை என்றால் உயரமானவருக்குக் கால் மடங்கும், உள்பக்கம் படுப்பவர் இரவில் எழ மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். நீளவாக்குப் படுக்கையில் இந்தத் தொல்லை இல்லை.

பெட்டி விஷயம். கடினமான சூட்கேஸ் வைக்க வேனில் இடம் கிடையாது. மடித்து வைக்கக்கூடிய துணிப்பை ஆளுக்கு ஒன்று போதும். சில வாடகை நிலையங்களில் காலிப் பெட்டியை விட்டுவிட்டுப் போகலாம், முன்பே கேளுங்கள்.

பொருநைக்கரை
வட தீவை எடுத்துவிட்டோம். மனைவிக்கும் அதில் மகிழ்ச்சி. இரண்டு கேள்விகள். ஓட்டுவதில் இருவரும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது? அந்தக் கழிவறையை உண்மையில் எப்படிச் சுத்தம் செய்வது? இதைத்தான் எல்லோரும் மழுப்புகிறார்கள்.

வண்டிச்சத்தம்
கழிவறையில் மழுப்ப எதுவும் இல்லை, ஐந்து நிமிட வேலை. பேசினுக்கு அடியில் 17 முதல் 19 லிட்டர் கொள்ளும் பெட்டி ஒன்று இருக்கும், கேசட் என்பார்கள். இருவருக்கு இரண்டு நாள் வரும். நிறையும் தறுவாயில் சிவப்பு விளக்கு எரியும்; அதற்குப் பிறகு தள்ளிப்போடக் கூடாது.

டம்ப் ஸ்டேஷனில் (வண்டிக் கழிவைக் கொட்டும் இடம்) வண்டியை நிறுத்தி, முதலில் உள்ளே போய் பேசினின் அடித்தகடு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் கேசட் வெளியே வராது. பலர் இங்கேதான் இழுத்து உடைப்பது. கையுறை போட்டு வெளிப்பக்கக் கதவைத் திறந்து, கொக்கியைத் தூக்கிக் கேசட்டை உருவுங்கள். ஊற்றும் குழாயை வெளிப்பக்கம் திருப்பி மூடியைக் கழற்றுங்கள். ஊற்றும்போது கைப்பிடிப் பக்கம் இருக்கும் காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியே பிடிக்க வேண்டும். அழுத்தாவிட்டால் உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் குபுக் குபுக்கென்று வந்து காலில் தெறிக்கும். சாய்க்கும்போது மட்டும் அழுத்துங்கள், நிமிர்ந்திருக்கையில் வேண்டாம். காலியானதும் நாலு லிட்டர் அளவு தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள், இரண்டு முறை. பிறகு இரண்டு லிட்டர் தண்ணீரும், போத்தலில் போட்டிருக்கும் அளவு கழிவறை மருந்தும் விட்டு, மூடி, "கிளிக்" சத்தம் கேட்கும் வரை உள்ளே தள்ளுங்கள்.

டம்ப் ஸ்டேஷனில் இரண்டு குழாய் இருக்கும். கேசட் கழுவுவதற்கான குழாயில் குடிநீர்த் தொட்டியை ஒருபோதும் நிரப்பாதீர்கள்; குடிநீர் என்று எழுதியிருக்கும் குழாய் வேறாகத் தள்ளியிருக்கும். வரிசையும் முக்கியம்: முதலில் நல்ல தண்ணீர் பிடித்துவிட்டு, அப்புறம் பாத்திரம் கழுவிய, குளித்த கழிவுநீர், கடைசியில் கேசட். அப்படிச் செய்தால் அழுக்குக் கையோடு குடிநீர்க் குழாயைத் தொட வேண்டியிராது. காட்டுக்குள் இருக்கும் குழிக் கழிப்பிடத்தில் கேசட்டைக் கொட்டக் கூடாது, அந்த மருந்து அங்கே மக்கும் வேலையைக் கெடுத்துவிடும்.

இருவரும் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் பயணம் முழுக்க அவர் தலையிலேயே விழும்.

பனிமலை
ஓட்டுவதைப் பற்றி. அங்கும் இடதுபக்கப் போக்குவரத்து என்பதால் நமக்குக் கை பழகியதுதான். தமிழ்நாட்டு உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் செல்லும். சொந்த ஊர் உரிமத்தில் ஆங்கிலம் இல்லாதவர்கள் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ எடுத்துச் செல்ல வேண்டும். வண்டி எடுக்கும் மேசையில் இருவர் பெயரையும் ஓட்டுநராகப் பதியுங்கள். பதியாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு கிடையாது.

ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் வேலை உண்டு: முன்னால் வரும் பலகையைச் சொல்வது, பின்னால் எத்தனை கார் சேர்ந்திருக்கிறது என்று கண்ணாடியில் பார்ப்பது. மூன்று நான்கு கார் சேர்ந்தாலே ஒதுக்குப்பாதை வந்ததும் விட்டுக்கொடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத்தடப் பாலங்கள் மேற்குக் கரையில் நிறைய. நீலச் சதுரப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு மேல்நோக்கி இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. வட்டமான சிவப்பு விளிம்புப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். முன்னுரிமை இருந்தாலும் மறுமுனையைப் பார்க்காமல் ஏறக் கூடாது. பாலத்துக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கியே ஆக வேண்டும். நிற்கும் இடம் ஓட்டுநர் பக்கப் பின்மூலை; ஓட்டுபவரின் பக்கக் கண்ணாடியில் முகம் தெரிய வேண்டும். முகம் மறைந்தால் ஓட்டுபவர் உடனே நிறுத்த வேண்டும். கத்திச் சொல்வது டீசல் சத்தத்தில் கேட்காது, கைச் சைகை நான்கைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வா, நில், வலம், இடம். கீழே மட்டும் பார்க்காமல் மேலே கிளை இருக்கிறதா என்றும் பாருங்கள். கூரைச் சேதத்தைப் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை.

அதே போல் காற்று. கான்டர்பரியிலும் மெக்கென்சி சமவெளியிலும் வடமேற்குக் காற்று அடித்தால் முன்கதவைத் திறந்த கையோடு பிடுங்கிக்கொண்டு போகும், கீல் வளைந்துவிடும். அங்கே வாடகை வண்டிகளில் அடிக்கடி நடக்கிற சேதம் இது. வண்டியின் மூக்கைக் காற்றைப் பார்த்து நிறுத்தி, கதவை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையால் திறக்க வேண்டும். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள்.

வனாக்காவிலிருந்து குயின்ஸ்டவுனுக்கு கிரவுன் ரேஞ்ச் வழி 70 கி.மீ.க்குள்தான், ஆனால் கடல்மட்டத்துக்கு 1000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. குயின்ஸ்டவுன் பக்க இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள். முதல் முறை வேன் ஓட்டுபவர்களுக்கு மேலே ஒருவர் சொன்ன குரோம்வெல் வழியே நல்லது. ஆர்தர்ஸ் பாஸில் ஒட்டிராப் பக்கச் சரிவு செங்குத்து. உங்கள் சுற்றில் அதை ஏறிக் கடப்பீர்கள். எதிர்த்திசையில் வருபவர்கள் கீழ் கியருக்கு மாற்றி இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். ஸ்கிப்பர்ஸ் கேன்யன் சாலைக்கும் பால் ஹட் சாலைக்கும் வாடகை வண்டி போகவே கூடாது.

ஒக்லாந்து_வாசி
மில்ஃபோர்ட் வீதியைப் பற்றிச் சேர்க்கிறன். டி அனாவிலை டீசல் நிரப்பிப்போட்டுத்தான் வெளிக்கிடவேணும். 118 கி.மீ. போக நிற்காமல் ஓடினாலே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். கைபேசி சிக்னல் வழியிலை இல்லை எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கோ. முதல் நாள் இரவு கேஸ்கேட் கிரீக் முகாமிலை நிண்டால் குயின்ஸ்டவுன் பஸ்கள் வந்து சேர முன்னமே காலைப் படகைப் பிடிக்கலாம். அது இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம், மின்சாரம் இல்லை.

ஹோமர் சுரங்கம் 1.2 கி.மீ., மில்ஃபோர்ட் பக்கம் பத்துக்கு ஒன்று என்ற சரிவு. வெயில் கால நெரிசல் நேரத்திலை சிக்னல் விளக்கு இருக்கும். பனிச்சரிவு அபாயக் காலத்திலை வாகனங்களை வாசலிலை நிறுத்தி வைக்கக்கூடாது எண்டு விளக்கை நிப்பாட்டிவிடுவினம். அந்த வாசலிலை கியா கிளிகள் நிக்கும். பார்க்க வடிவு, ஆனால் வைப்பர் ரப்பர், கூரைச் சன்னல் ரப்பர் எல்லாத்தையும் பிய்ச்சுவிடும். சாப்பாடு போடவேண்டாம், வாகனத்தை விட்டு விலகவும் வேண்டாம்.

சாண்ட்ஃபிளை எண்ட கடிபூச்சி மில்ஃபோர்டிலும் மேற்குக் கரையிலும் பகலிலை கடிக்கும், இரவிலை அடங்கிவிடும். சமையலுக்கு வெளியிலை கதவைத் திறந்து வைச்சால் உள்ளே நிறைஞ்சுபோகும். முதலிலை வலைக்கதவை மூடுங்கோ.

அடுப்படி
சமையலுக்கு வருகிறேன், இதுதான் நம்மவர்களுக்கு அதிகம் தேவை.

விமானத்தில் கொண்டுபோகும் எந்த உணவுப் பொருளையும் மறைக்காமல் அறிவியுங்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, தேன், முளைக்கக்கூடிய விதை எதுவும் வேண்டாம். வீட்டில் அரைத்த பொடியை விட, பொருட்பட்டியல் அச்சிட்ட கம்பெனிப் பாக்கெட் எளிதில் தாண்டும். மண் ஒட்டிய நடைக் காலணியையும் கழுவித்தான் கொண்டுபோக வேண்டும். அரிசி, பருப்பு, கடுகு எல்லாம் கிறைஸ்ட்சர்ச் இந்தியக் கடைகளில் கிடைக்கும், எதற்குச் சுமப்பது.

இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று, அடி சிறியது. அடுப்பின் கம்பி வளையம் சிறிதாக இருப்பதால் பெரிய குக்கர் சாயும். தாளிப்பதற்கு முன் கூரை விசிறியைப் போட்டு, பக்கச் சன்னலைத் திறந்துவிடுங்கள். காய்ந்த மிளகாயும் கடுகும் எண்ணெயில் வெடித்த அரை நிமிடத்தில் புகை அலாரம் அலறும், அதன் பேட்டரியைக் கழற்றி வைக்கவே கூடாது. கட்டண முகாம்களில் பொதுச் சமையலறை இருக்கும். தாளிப்பு, வறுவல் எல்லாம் அங்கே வைத்துக்கொண்டு, வண்டிக்குள் குக்கர் சாதம், ரசம், உப்புமா, முட்டை என்று நிறுத்திக்கொண்டால் மெத்தையில் மசாலா வாசம் ஏறாது. இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது. புளித்த மாவைக் கடையில் வாங்கினாலும் வளைவுகளில் பொங்கி ஃபிரிட்ஜுக்குள் வழியும்.

தரையை ஒட்டி இன்னொரு அலாரம் இருக்கும், அது எரிவாயுக்கு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் கீழே வைத்திருக்கிறார்கள். சென்ட், கொசுமருந்து ஸ்பிரே அடித்தாலும் அது கத்தும். கத்தினால் முதலில் சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து வெளியே வாருங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம்.

வாயு எவ்வளவு வரும்? ஒரு பர்னர் மணிக்கு 150 கிராம் அளவு எரிக்கும். நாளுக்கு ஒன்றரை மணி நேரச் சமையல் என்றால் 225 கிராம். 4 கிலோ சிலிண்டர் 17 நாள் தாங்கும். குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துக் காய்வது உயிருக்கு ஆபத்து, கார்பன் மோனாக்சைடு சேரும்.

வண்டிச்சத்தம்
குளிருக்கு டீசல் ஹீட்டர் இருக்கும் வண்டியாகப் பாருங்கள். அது வண்டியின் டீசல் தொட்டியிலிருந்தே எடுக்கும். தொட்டி கால்பங்குக்குக் கீழே போனால் பெரும்பாலான வண்டிகளில் நின்றுவிடும். ஏப்ரல் தொடக்கத்தில் மவுண்ட் குக் பக்கம் இரவில் உறைநிலையைத் தொடலாம். மாலையே முக்கால் தொட்டியாவது இருக்கட்டும்.

மின்சாரக் கணக்கு: வண்டிக்குள் விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்டும் பேட்டரி பொதுவாக 100 ஆம்பியர் மணி. ஏஜிஎம் என்ற ஈய-அமில வகையில் பாதிதான் எடுக்கலாம், அதாவது 50. ஃபிரிட்ஜ் ஒன்றே நாளுக்கு 30 முதல் 40 தின்னும். ஆக, ஓட்டாமல் ஒரே இடத்தில் மின்சாரமின்றி ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். காலையில் எதையும் போடுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்: 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 வந்தால் பாதி போய்விட்டது. இரண்டாம் இரவைக் கட்டண முகாமில் மின்சார இணைப்போடு வைத்துக்கொண்டால் கவலையில்லை. மைக்ரோவேவ், கெட்டில், சுவர்ப் பிளக் எல்லாம் அந்த இணைப்பு இருந்தால்தான் ஓடும். பிளக் மூன்று தட்டைக் கம்பி வகை, நம் ஊர் பிளக் நுழையாது. மாற்றுப் பிளக் இரண்டு வாங்குங்கள்.

இரவில் கூரைச் சன்னலை விரல் அகலம் திறந்து வையுங்கள். இருவர் மூச்சுக் காற்றின் ஈரம் காலையில் கண்ணாடி முழுக்க வழிந்து மெத்தை ஓரத்தை நனைக்கும். மெத்தை நனைந்தால் அந்தக் குளிரில் காயாது.

தெற்குக்காற்று
ஒரு இடத்தில் வண்டிச்சத்தத்தோடு ஒத்துப்போகவில்லை. மின்சார இணைப்புள்ள முகாமில் இருவருக்கு இரவுக்கு 50 முதல் 80 டாலர் வரை ஆகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே போனால் பச்சைச் சான்று வண்டிக்குக் கூடுதல் வாடகை கொடுத்ததன் பயன் பாதியாகிவிடும். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுபவர்களுக்குப் பேட்டரி அதிலேயே பெரும்பாலும் ஏறிவிடும். மூன்று இரவுக்கு ஒருமுறை போதும்.

வண்டிச்சத்தம்
ஓட்டுகிற நாளில் நீங்கள் சொல்வது சரி. ஒரே இடத்தில் இரண்டு இரவு நிற்கச் சொன்னதும் நீங்கள்தானே. அந்த நாளில் வண்டி ஓடாது. துணி துவைப்பதும் ஆற அமர வெந்நீரில் குளிப்பதும் அங்கேதான் நடக்கும். வண்டியின் ஷவரில் இரண்டு நிமிடக் குளியலுக்கே 10, 15 லிட்டர் போய்விடும்.

பொருநைக்கரை
இரண்டு இரவு நிற்கிற இடங்களில் மட்டும் இணைப்பு எடுக்கிறோம், மற்ற நாள் இயற்கைப் பாதுகாப்புத் துறை முகாம்கள். கடைசியாக ஒன்று: கணக்கு முடிக்கும்போது எங்கே இடிக்கும்?

பனிமலை
மூன்று இடம். முதலாவது சாலைக் கட்டணம். அங்கே டீசல் விலையில் சாலை வரி சேர்வதில்லை, ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகக் கட்டணம். 3500 கிலோவுக்கு உட்பட்ட டீசல் வண்டிக்கு அரசு விகிதம் 1000 கி.மீ.க்கு 76 டாலர். உங்கள் 2000 கி.மீ.க்கு 152. வாடகைக்காரர் தன் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்து அதைவிடக் கூட்டி வாங்கலாம், விகிதத்தை ஒப்பந்தத்தில் பாருங்கள். எடுக்கும்போதும் விடும்போதும் ஓடோமீட்டரைப் படமெடுங்கள். டீசல் 100 கி.மீ.க்கு 11, 12 லிட்டர் என்று போட்டால் மொத்தம் 230 லிட்டர் அளவு.

இரண்டாவது காப்பீட்டுப் பிடித்தம். கூடுதல் காப்பீடு எடுக்காவிட்டால் பல ஆயிரம் டாலரை அட்டையில் முடக்கிவைப்பார்கள். நம் ஊர் டெபிட் அட்டையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. கிரெடிட் அட்டை ஓட்டுநர் ஒருவர் பெயரிலேயே இருக்க வேண்டும், வரம்பும் போதுமானதாக இருக்க வேண்டும். முழுக் காப்பீடு எடுத்தாலும் கூரை, அடிப்பாகம், தவறான எரிபொருள், தொலைந்த சாவி எல்லாம் பெரும்பாலும் வெளியேதான். பம்பில் ஒருவர் குழாயை எடுத்தால் மற்றவர் "டீசல்" என்ற எழுத்தைப் படித்து உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது, திருப்பி விடும் நிலை. கேசட் காலி, கழிவுநீர் காலி, டீசல் நிறைவு. மூன்றில் எது குறைந்தாலும் தனித்தனிக் கட்டணம். வண்டி விடும் காலையில் டம்ப் ஸ்டேஷனில் வரிசை இருக்கும், முதல் நாள் இரவு முகாமிலேயே முடித்துவிடுங்கள். பெரும்பாலான வாடகை நிலையங்கள் மாலை நாலு, நாலரைக்கு மூடுகின்றன. ஆர்தர்ஸ் பாஸிலிருந்து 150 கி.மீ. என்று மதியம் கிளம்பாமல் கடைசி இரவைக் கிறைஸ்ட்சர்ச்சிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.